ஸ்டிக்கை நீட்டாத பையன்

கோவில்பட்டி கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் ஹாக்கி மைதானம். எதிரணி ரைட் விங் பந்தோடு கோட்டோரமாகப் பறந்து வருகிறான். எதிரே நம் லெஃப்ட் பேக் ஒருவன்தான். கேலரி முழுக்க ஒரே சத்தம்: “ஏறுலே! போய்ப் பிடுங்குலே!” அவன் ஏறவில்லை. முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே ஓடுகிறான். ஐந்தடி, பத்தடி, இருபதடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி அந்தக் காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர். தலையில் அடித்துக்கொண்டார். “பயப்படுதான், பாத்தீங்களா? இவனையா நல்ல பிளேயருங்கீங்க?”

ஆமாம் அண்ணாச்சி, இவனைத்தான் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் இப்போது ஆடுகிறவர்களில் என் ஓட்டு இவனுக்குத்தான். பெயர் எழுதப் போவதில்லை. மே மாதம் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு வந்து கேலரியில் உட்காருகிறவர்களுக்கு அவன் யாரென்று தெரியும். எத்தனை பேர் அவனைச் சரியாகப் பார்த்தார்கள் என்பதுதான் என் கவலை.

போட்டி நடக்கும் நாட்களில் கோவில்பட்டி டீக்கடைகளில் வேறு பேச்சு கிடையாது. இப்ப ஆடுறவங்கள்ல யாரு பெஸ்ட்டு? ஒருவர் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிப்பவரைச் சொல்வார். இன்னொருவர் மூன்று பேரை டாட்ஜ் அடித்துக்கொண்டு, கோலுக்கு முன்னால் இருக்கும் ‘டி’க்குள் நுழைகிற ஃபார்வர்டைச் சொல்வார். கோல்கீப்பருக்கும் ஒரு கட்சி உண்டு. பேக்கைச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும், விழுந்து புரண்டு பந்தைத் தட்டிவிடுகிற பேக்கைத்தான் சொல்வார்கள். பணமும் அப்படித்தான் பேசுகிறது. 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி உயிர்பெற்று ஏலம் நடந்தபோது, ஆண்கள் பிரிவில் அதிகபட்ச விலை 78 லட்சம் ரூபாய். வெளிநாட்டு வீரர்களில் அதிகபட்சம் 68 லட்சம். இரண்டுமே டிராக் ஃபிளிக்கர்களுக்குப் போயின. அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு மட்டும்தான் விலை என்றாகிவிட்டால், ஆட்டத்தில் பாதியை நாம் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

கூடைப்பந்திலும் இதே கதை. கோடையில் பெரியகுளத்து அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிக்குப் போய்வரும் நண்பர்களிடம் இப்போது யார் பெரிய ஆட்டக்காரர் என்று கேட்டுப் பாருங்கள். புள்ளி எடுப்பவர்களின் பெயராகத்தான் வரும். அமெரிக்காவின் என்.பி.ஏ.விலேயே பந்தைப் பறிப்பதையும் எதிராளியின் எறிதலைத் தடுப்பதையும் 1973-74 சீசனிலிருந்துதான் கணக்கில் எழுத ஆரம்பித்தார்கள். பறிக்காமல், தடுக்காமல், எதிராளியைத் தயங்க வைத்து நேரத்தைத் தின்பவருக்கு இன்றைக்கும் அங்கே ஒரு கட்டம் கிடையாது. இருந்தாலும் கூடைப்பந்தில் 24 விநாடிக் கடிகாரம் அந்தத் தடுப்பாளருக்குத் துணை நிற்கிறது. இழுத்தடித்தால் பந்து கைமாறிவிடும். ஹாக்கியில் அந்தக் கடிகாரம் கிடையாது. இங்கே பேக் பின்வாங்கினால் அது கோழைத்தனமாகத்தான் தெரியும்.

அவன் என்ன செய்கிறான் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஹாக்கி ஸ்டிக்கின் உருண்டையான பின்பக்கத்தால் பந்தைத் தொடக்கூடாது. இடக்கைக்காரருக்கும் வலக்கை ஸ்டிக்தான், விதி அப்படி. அதனால் எல்லா ஆட்டக்காரருக்கும் வலப்பக்கம் பலம், இடப்பக்கம் ஸ்டிக்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய ரிவர்ஸ். ரைட் பேக்குக்கு இது வசதி. சைடு லைன் அவனுக்கு வலப்புறம் இருக்கிறது. எதிராளியை ஓரத்துக்குத் தள்ளினால் அவன் தன்னால் பலமான பக்கத்துக்கு வந்து மாட்டுவான். லெஃப்ட் பேக்குக்கு எல்லாமே தலைகீழ். கோடு அவனுக்கு இடப்புறம். ரைட் விங் கோட்டோரமாகவே போனால் பந்து லெஃப்ட் பேக்கின் ரிவர்ஸ் பக்கம் நழுவும். அந்த விங்குக்கோ பந்து முன்பக்க ஸ்டிக்கிலேயே இருக்கும். பேஸ்லைன் வரை போய் ஓங்கி ஒரு கிராஸ் கொடுக்கலாம். அந்த இடத்தில் கேலரி சொல்வதைக் கேட்டு ஸ்டிக்கை நீட்டுகிற பேக், ஒற்றைக் கையில் ரிவர்ஸில் நீட்டுகிறான். பத்துக்கு ஒரு தடவை பந்து அகப்படலாம், கைதட்டும் கிடைக்கும். மற்ற தடவைகளில் பந்து போய்விடும், அல்லது ஸ்டிக் காலில் பட்டு விசில் கேட்கும்.

நம் பையன் அந்த வழியை அடைக்கிறான். கோட்டுக்கும் விங்குக்கும் நடுவில் உடம்பை வைத்து, உள்பக்கம் அரையடி திறந்துவிடுகிறான். “உள்ள விட்டுட்டானே!” என்று அண்ணாச்சி மறுபடி தலையில் அடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். உள்ளே விடக்கூடாது என்பது நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் உள்ளே திரும்பும் விங் பந்தைத் தன் வலமிருந்து இடத்துக்கு இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது பந்து நம் பையனின் முன்பக்க ஸ்டிக்குக்கு நேர் எதிரே வருகிறது. அதோடு, உள்ளே திரும்பியவன் கோலைப் பார்த்து முன்பக்க அடி அடிக்க உடம்பையே திருப்பியாக வேண்டும், இல்லையென்றால் ரிவர்ஸ் அடி. எதைச் செய்தாலும் ஒரு கணம் பந்து ஸ்டிக்கை விட்டு ஒரு சாண் விலகும். அந்த ஒரு சாணுக்காகத்தான் அவ்வளவு தூரம் பின்னால் ஓடி வந்தான். அப்போது நீட்டுகிறான். கூட்டம் ஆர்ப்பரிக்காது, ஏனென்றால் பார்க்கிறவர்களுக்குப் பந்து தானாகவே அவன் ஸ்டிக்குக்கு வந்தது போலத்தான் இருக்கும்.

நான் ஒரு ஆட்டம் முழுக்க அவனை மட்டும் கைப்பேசிக் கடிகாரத்தில் பிடித்துப் பார்த்தேன். எதிராளி தனியாக வந்த ஒவ்வொரு முறையும் மூன்றிலிருந்து ஐந்து விநாடி அவன் பிடித்து வைத்தான். நாலு விநாடியில் நன்றாக ஓடும் ஹாஃப் ஒருவர் 25 மீட்டர் வந்துவிடுவார். 23 மீட்டர் கோடு என்று நாம் சொல்வது கோல் லைனிலிருந்து 22.9 மீட்டர். ஆக, அவன் பிடித்து வைத்த நேரத்தில் சென்டர் ஹாஃப் திரும்பி வந்து சேர்ந்துவிடுகிறார். உள்பக்கம் திறந்துவிட்டானே, அது அவரை நம்பித்தான். அங்கே பந்து தவறினாலும் அடுத்த ஸ்டிக் காத்திருக்கிறது.

இப்படிப் பொறுத்து ஆடுவது ஏன் இப்போது இவ்வளவு முக்கியம் என்றால் விதிகள் மாறியதால்தான். 1990-களின் பிற்பகுதியில் ஆஃப்சைடு போய்விட்டது. 2009-ல் ஃப்ரீ ஹிட் எடுப்பவர் தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம் என்றார்கள். விசில் ஊதிய மறு நொடி தாக்குதல் கிளம்பிவிடுகிறது. ஆட்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் எதிரே வரும் ஃபார்வர்டு எப்போதும் மூச்சு வாங்காத ஃபார்வர்டு. போதாததற்கு ‘டி’க்குள் தப்பு செய்தால் பெனால்டி கார்னர். 23 மீட்டருக்குள் வேண்டுமென்றே தப்பு செய்தாலும் பெனால்டி கார்னர். 78 லட்சம் ரூபாய் ஃபிளிக்கர் சும்மா நின்றுகொண்டிருக்க, அவருக்கு வேலை வாங்கிக் கொடுப்பது யார்? ஸ்டிக்கை நீட்டி விழுகிற நம் வீரமான பேக்தான். நான் பார்த்த ஆட்டங்களில் இந்தப் பையன் நேரடியாகக் கொடுத்த பெனால்டி கார்னர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதை யாரும் எழுதி வைப்பதில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

அண்ணாச்சியின் கண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அது மண் தரையில் பழகிய கண். பள்ளிக்கூட மைதானங்களில் ஆடியபோது பந்து ஸ்டிக்கில் ஒட்டாது. சரளையில் பட்டால் துள்ளும், காய்ந்த கட்டியில் பட்டால் திரும்பும். பந்தோடு வருகிறவனே தடுமாறிக்கொண்டு வருவான். அங்கே பாய்ந்து ஸ்டிக்கை விட்டால் பாதி நேரம் பந்து கிடைக்கும். ஏறிப் பிடுங்குகிறவன் அங்கே நியாயமாகவே பெரிய ஆள். செயற்கைப் புல்லில் அந்தத் தடுமாற்றம் இல்லை. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரை வந்தது. 1928 முதல் ஒரு ஒலிம்பிக் விடாமல் பதக்கம் வாங்கிய இந்தியா அங்கே ஏழாவது இடத்தில் நின்றது. தரை மாறினால் கையும் காலும் மாற வேண்டும் என்பதற்கு நாடே கொடுத்த விலை அது. நம் ஊரில் தரை மாறிவிட்டது, பையன்களின் கால் மாறிவிட்டது, கேலரியின் குரல்தான் இன்னும் மண் தரையிலேயே நிற்கிறது.

ஆனாலும் இந்தப் பையனின் பொறுமை டர்ஃபில் பிறந்தது என்று நான் நினைக்கவில்லை. அவனும் சுற்றுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, மண்ணில் ஆட்டம் பழகியவன். மண் தரையில் இரண்டு வகைப் பையன்கள் உருவாகிறார்கள். ஒருவன் பாய்கிறவன். இன்னொருவன் பந்து எப்போது துள்ளும் என்று காத்திருந்து, துள்ளியதும் எடுக்கிறவன். கரிசல்காட்டு வீட்டில் வளர்ந்தவனுக்கு இது புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எட்டயபுரம் பக்கமோ கழுகுமலை பக்கமோ மழை விட்ட மறுநாள் காட்டில் இறங்கிப் பாருங்கள். மண் காலில் செருப்புக் கனத்துக்கு அப்பிக்கொண்டு வரும். அன்றைக்கு உழுதால் கொழுவில் ஒட்டிக்கொண்டு நகராது. ரொம்ப விட்டுவிட்டால் வெடித்துக் கட்டியாகப் பெயரும். நடுவில் கொஞ்ச நாள்தான் பதம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்து, இன்றைக்கு வேண்டாம் என்று திரும்பி வருகிற தகப்பனைப் பார்த்து வளர்ந்தவன் அவன். அந்தத் தகப்பனை யாரும் சோம்பேறி என்று சொல்லமாட்டார்கள். மகன் டர்ஃபில் அதையே செய்தால் பயந்தாங்கொள்ளியா?

இனி நடக்கப் போவதையும் எழுதி வைத்துவிடுகிறேன்.

அடுத்த போட்டிக்கு வருகிற பெரிய அணிகள் அவனைப் படித்துவிட்டு வரும். ரைட் விங்கைத் தனியாக அனுப்பமாட்டார்கள். பின்னாலேயே ரைட் ஹாஃப் ஓடிவந்து கோட்டோரம் இரண்டாவது ஆளாக நிற்பார். அப்போது உள்பக்கம் திறந்துவைத்தாலும் பந்து வெளியே போகும். முதல் இரண்டு ஆட்டத்தில் அவன் ஏமாறுவான், கேலரி அவனை விட்டுவைக்காது. மூன்றாவது ஆட்டத்தில் அவன் ஐந்து அடி முன்னாலேயே நிற்க ஆரம்பிப்பான், ஆளை விட்டுவிட்டு இரண்டாவது பாஸைப் பிடிப்பான் என்று சொல்கிறேன். அவன் தலை அப்படி வேலை செய்கிறது.

2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை நடக்கிறது. கோப்பையைத் தூக்கப்போகிற அணி எது என்று என்னைக் கேட்டால், மிகக் குறைந்த பெனால்டி கார்னர் கொடுக்கிற அணி என்பேன். ஃபிளிக்கர் எல்லா அணியிலும் இருக்கிறார். அவருக்கு வேலையே கொடுக்காத பேக்குகள் சில அணிகளில்தான் இருக்கிறார்கள். கார்னர் தடுப்பும் முன்னேறிவிட்டது. முகக்கவசமும் முழங்கால் உறையும் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் பாய்ந்து வருகிறவரைத் தாண்டி ஃபிளிக் அடிப்பது வருடத்துக்கு வருடம் கடினமாகிறது. அதனால் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குள் ஏதாவது ஒரு ஏலத்தில் ஃபிளிக் அடிக்கத் தெரியாத ஒரு பேக் முதல் மூன்று விலைக்குள் வருவார். அவர் ஐரோப்பியராக இருக்கலாம். அடுத்தவர் எங்கள் கரிசல்காட்டுக்காரராக இருப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையோடு மதுரைக்கும் வந்ததை நினைத்தால் இந்த எதிர்பார்ப்பு பெரிதாகத் தெரியவில்லை. கோவில்பட்டியிலிருந்து மதுரை பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இங்கிருந்து போய் உட்கார்ந்து பார்த்த பதினான்கு வயதுப் பையன்கள் அங்கே எதைப் பார்த்தார்கள்? கோல் அடித்தவனை மட்டும் பார்த்திருந்தால் பத்து வருடத்தில் பத்து ஃபார்வர்டு வருவான். ஒருவனாவது கடைசிக் கோட்டில் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவனைப் பார்த்திருப்பான். அவனுக்காகத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று நடக்கும். விங்குகளும் காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள். நம் பையன் நீட்டுவான் என்று எதிர்பார்த்து அவர்கள் நிற்பார்கள், அவர்கள் இழுப்பார்கள் என்று எதிர்பார்த்து அவன் நிற்பான். இருவரும் பந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழங்காலை மடக்கி, ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரு விநாடி, இரண்டு விநாடி. கேலரி “ஏறுலே!” என்று கத்தும். அப்போது அண்ணாச்சியின் கையைப் பிடித்து, பந்தை விட்டுவிட்டு அவன் இடது பாதத்தைப் பாருங்கள் என்று சொல்லப் போகிறேன். அது அரையடி நகர்ந்தால் எந்தப் பக்கம் திறக்கிறான் என்று அவருக்கும் தெரிந்துவிடும்.