யாருக்கு எழுதிய கடிதம்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) சாதாரணச் சிப்பாய் எதற்காகப் போரிட்டான்? இந்தக் கேள்வியோடு வருபவர்களுக்கு இன்றும் முதலில் கைகாட்டப்படும் நூல்களில் ஒன்று, ஜேம்ஸ் மெக்ஃபர்சன் 1997இல் வெளியிட்ட ‘ஃபார் காஸ் அண்ட் காம்ரேட்ஸ்’. வடக்கிலும் தெற்கிலுமாக 1,076 சிப்பாய்கள் எழுதிய சுமார் 25,000 கடிதங்களையும் 249 நாட்குறிப்புகளையும் அவர் படித்திருக்கிறார். கொள்கை, கடமை, மானம், ஆண்மை, பக்கத்தில் நிற்கும் தோழன் ஆகியவையே அவர்களைக் களத்தில் நிறுத்தின என்பது அவருடைய முடிவு. சிப்பாய்களுக்குக் கொள்கைப் பிடிப்பு பெரிதாக இருந்ததில்லை என்ற பழைய கருத்தை இந்த நூல் வலுவாக மறுத்தது. அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டே கேட்கிறேன்: இந்தக் கடிதங்கள் யாருக்கு எழுதப்பட்டவை?

பெரும்பாலும் மனைவிக்கு, தாய்க்கு, சகோதரிக்கு. கடிதம் என்பது மனதைத் திறந்து காட்டும் கண்ணாடி அல்ல. எதிரில் இருப்பவரிடம் பேசும் பேச்சு. கோழை என்ற பழியோடு வீடு திரும்ப முடியாது என்று ஒருவன் மனைவிக்கு எழுதினால், அது திரும்பி வா என்று அவள் கேட்டதற்குச் சொன்ன பதிலாகவும் இருக்கலாம். அவன் கடிதத்தை அவள் வீட்டில் பத்திரப்படுத்தினாள். அவள் எழுதியதோ அவனுடைய தோள்பையில் நனைந்து, கிழிந்து, களத்தில் தொலைந்தது. எனவே நம் கையில் இருப்பது வாக்குவாதத்தின் ஒரு பக்கம் மட்டுமே. அதையும் காப்பாற்றித் தந்தவர்கள் பெண்கள். மெக்ஃபர்சன் பெண்களைப் பற்றிப் பேசாமல் இல்லை. ஆனால் அவர் நூலில் அவர்கள் சிப்பாயின் மனஉறுதியைக் கூட்டுபவர்களாக அல்லது குறைப்பவர்களாகவே வருகிறார்கள்.

தெற்கில் 1862 அக்டோபரில் வந்த சட்டம், 20 அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளை ஆணைக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கியது. 1863 ஏப்ரலில் ரிச்மண்ட் நகரப் பெண்கள் ரொட்டிக்காகக் கடைகளைச் சூறையாடினார்கள். தெற்கு தோற்றதற்கு அதன் பெண்களே காரணமாக இருக்கலாம் என்றுகூட ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் 1990இல் எழுதினார். இதை அமைதி நாடும் பெண்மை என்று கொண்டாடிவிட முடியாது. இந்த வெள்ளைப் பெண்களில் பலர் பசிக்கு எதிராகத் திரும்பினார்களே தவிர, அடிமை முறைக்கு எதிராக அல்ல.

நாட்டுக்கா, வீட்டுக்கா என்ற இந்த இழுபறி எல்லாச் சிப்பாய்க்கும் பொருந்துமா? வடக்கின் படையில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் சேர்ந்தனர். எழுதப் படிக்க அனுமதி மறுக்கப்பட்டிருந்த அடிமைகளே அவர்களில் பெரும்பாலோர் என்பதால், கடிதங்களை நம்பும் ஆய்வில் அவர்கள் குரல் மிகக் குறைவு. மெக்ஃபர்சனே இதை ஒப்புக்கொள்கிறார். கென்டக்கியில் கேம்ப் நெல்சனில் சேர்ந்த ஜோசப் மில்லர் தன் குடும்பத்தையும் கூடவே அழைத்து வந்தார். அவர் படையில் சேர்ந்தால் அவர்களைப் பராமரிக்க முடியாது என்று எஜமான் சொல்லியிருந்தான். 1864 நவம்பர் குளிரில் ராணுவமே சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் முகாமிலிருந்து துரத்தியது. மில்லரின் நோயுற்ற மகன் இறந்தான். கையெழுத்துக்குப் பதில் அடையாளக் குறி இட்ட அவருடைய வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. துரத்தப்பட்டவர்களில் 102 பேர் மாண்டனர். கண்டனம் எழுந்த பிறகு, 1865 மார்ச்சில் சிப்பாய்களின் மனைவி மக்களை விடுவிக்கும் சட்டம் வந்தது. மில்லருக்குக் குடும்பமும் விடுதலையும் எதிரெதிர் தட்டுகளில் இருக்கவில்லை.

இன்னொருவர் சாரா ரோசெட்டா வேக்மன். நியூயார்க் மாநில விவசாயக் குடும்பத்து மூத்த மகள். 1862இல் லயன்ஸ் வேக்மன் என்ற பெயரில் ஆணாகப் படையில் சேர்ந்தார். சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அந்தக் கூலி எட்டாக்கனி. கிடைத்த பணத்தை வீட்டுக்கு அனுப்பினார். 1864இல் நோயால் இறந்து, ஆண் பெயரிலேயே புதைக்கப்பட்டார். குடும்பம் காத்துவைத்த அவருடைய கடிதங்கள் 1994இல்தான் நூலாயின. ஆண்மையை நிரூபிக்கப் போனவர்கள் நடுவே, ஆணுக்கு மட்டுமே கிடைத்த சம்பளத்துக்காகவும் ஒருவர் போயிருக்கிறார்.

மில்லரும் வேக்மனும் மெக்ஃபர்சனைப் பொய்யாக்கவில்லை. அவர் விடை எவருடைய விடை என்பதைக் காட்டுகிறார்கள். எந்தப் போரின் கடிதத்தைப் படித்தாலும் மாணவியர் மூன்றைக் கேட்க வேண்டும்: இது யாரிடம் பேசுகிறது, அவள் என்ன பதில் சொன்னாள், எழுதத் தெரியாதவர் எதற்காகப் போனார்.