கையில் ஒரு விசிறி

மாசி சிவராத்திரிக்கு முந்தைய நாள் குமரி மாவட்டத்து முன்சிறைத் திருமலையில் கிளம்பி, மறுநாள் இரவு திருநட்டாலத்தில் முடிக்கிற சிவாலய ஓட்டக்காரர்களின் கையைப் பார்த்தால், நெடுவழிக்கு என்னென்ன கொண்டுபோகலாம் என்ற கேள்விக்கு நான் அறிந்த மிக அழகான விடை கிடைக்கும். ஒரு பனையோலை விசிறி, திருநீறுக்கும் காசுக்கும் சிறு துணிப்பை, உடுத்திய காவித்துணி, கழுத்தில் மாலை. பன்னிரண்டு சிவன் கோவில்களைத் தொட்டுச் செல்லும், நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரத்துக்கு இவ்வளவுதான் சுமை. எளிமை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட மனம் வரவில்லை. இதில் தேர்ந்த ரசனையும் ஒரு கணக்கும் இருக்கின்றன. வழி தருவதைச் சுமக்க வேண்டாம், வழி தராததைச் சுமக்கத் தயங்கவும் வேண்டாம் என்பதே அந்தக் கணக்கு.

விசிறியைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். ஓலையும் காம்பும் ஒரே உடல். கைப்பிடி என்று தனியாக எதையும் பூட்டுவதில்லை. அதனால் கழன்று விழவும் ஒன்றுமில்லை. ஓரத்தை வட்டமாக நறுக்கிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. சன்னிதியில் இறைவனுக்கு வீச, வியர்த்த உடம்புக்குக் காற்று வாங்க, உச்சி வெயிலில் தலைக்குமேல் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றே உதவும். நனைந்தாலும் கெடாது, தொலைந்தாலும் பெரிய நட்டமில்லை. பனை நின்ற நாட்டில் இதைவிடப் பொருத்தமான வழிப்பொருளை யாரும் யோசித்திருக்க முடியாது. மற்றதையெல்லாம் வழி பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு கோவிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி ஈரத்துணியோடே ஓடுவதால் மாற்றுடை தேவைப்படுவதில்லை. ஊருக்கு ஊர் சுக்கு வெந்நீரும் மோரும் பானகமும் கஞ்சியும் கொடுக்க ஆட்கள் நிற்பதால் சோற்று மூட்டையும் தேவைப்படுவதில்லை. பொன்மனை தாண்டி, கல்குளம் தாண்டி, நெய்யூரை அடுத்த திருவிதாங்கோட்டுக்கு வரும்போது கால்தான் கனக்குமே தவிர தோள் கனக்காது. ஓட்டத்தின் கதையிலும் இதே புத்திதான். பாதி மனிதனும் பாதி விலங்குமான சிவபக்தன் புருஷாமிருகம் துரத்த, ‘கோவிந்தா கோபாலா’ என்று கூவி ஓடிய பீமனிடம் இருந்தவை கண்ணன் கொடுத்த பன்னிரண்டு ருத்திராட்சங்கள். மிருகம் நெருங்கும்போதெல்லாம் அவன் ஒன்றைக் கீழே வைத்தான். வைத்த இடமெல்லாம் சிவலிங்கம். போகப் போகக் குறைகிற சுமை அது!

ஊரும் குளமும் நெருங்கிக் கிடக்கும் நாட்டில் ஒரு நாள், ஒன்றரை நாள் கூட்டத்தோடு ஓடுவதை வைத்து நெடுநடைக்கே இலக்கணம் சொல்லலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆளில்லாக் காட்டில் வாரக்கணக்கில் தனியே நடப்பவருக்குக் கூடாரம் வேண்டும், போர்வை வேண்டும், அடுப்பும் மருந்தும் வேண்டும். ஆனால் கணக்கு அங்கேயும் மாறுவதில்லை, விடைதான் மாறுகிறது. 1955இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்க மூதாட்டி, தம் 67ஆம் வயதில், ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி. தோளில் தாமே தைத்த முரட்டுத்துணிப் பை. மழைக்குக் குளியலறைத் திரையாகத் தொங்கும் பிளாஸ்டிக் விரிப்பு. கூடாரம் கிடையாது. வழியோர வீடுகளில் கேட்டு உண்டார், இடம் கிடைத்தால் படுத்தார். காட்டுவழியிலும் எவ்வளவு தூரம் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவர் சரியாக மதிப்பிட்டிருந்தார். அந்த மதிப்பீடு வராதவர்தான் கடையில் கண்டதையெல்லாம் முதுகில் ஏற்றிக்கொள்கிறார்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அது நெய்யூரிலிருந்தே வருகிறது. நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் அறுவை மருத்துவராக இருந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், 1922இல் எவரெஸ்டில் மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன் பிராணவாயு உருளை இல்லாமல் சுமார் 8,225 மீட்டர்வரை ஏறினார். அந்தக் கருவியின் எடை பதினான்கு கிலோவுக்கு மேல். சில நாள் கழித்து அதே பயணக்குழுவின் ஃபின்ச்சும் புரூசும் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு இவர்களைவிட உயரத்துக்கு, சுமார் 8,320 மீட்டர்வரை போனார்கள். பாரம் குறைந்தவர் தோற்றார், கூடியவர் வென்றார். இதை மறைத்துவிட்டுக் குறைந்த சுமையின் புகழ் பாடக்கூடாது. அந்த உயரத்தில் வழி தராத பொருள் காற்று. ஆகவே காற்றைச் சுமந்தது சரி. தேவையில்லாத ஒரு கிலோ அதிகம்; தேவையான பதினான்கு கிலோ அதிகமில்லை. அதே சாமர்வெல் இமயப் பயணங்களில் ஓவியச் சாமான்களையும் எடுத்துச்சென்று திபெத்திய நிலத்தை வரைந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. உயிர்பிழைக்க அவை உதவா. ஆனால் பார்க்கும் கண்ணுக்கு ஒரு வேலை கொடுக்க வழியால் முடியாது. அந்த வேலையை நாம்தான் கொண்டுபோக வேண்டும். சன்னிதியில் வீசப்படும் விசிறிக்கும் இந்த இனத்தில் ஓர் இடம் உண்டு.

இன்றைக்குப் பலர் பைக்கிலும் வேனிலும் பன்னிரண்டு கோவிலையும் சுற்றி வருகிறார்கள். அவர்கள் பக்தியைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஓடுகிறவர்களின் வழி அதனால் மாறியிருக்கிறது. ஒற்றையடிப் பாதையும் வரப்பும் தார்ச்சாலையாகி, இரவில் வண்டிகளின் முகவிளக்குக்கு எதிரே ஓட வேண்டியிருக்கிறது. பழைய வழி தந்த பாதுகாப்பை இந்தச் சாலை தருவதில்லை. எனவே விசிறியின் பின்புறத்திலும் துணிப்பையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பேன். மரபுக்கு அது அந்நியம் என்று யாராவது சொன்னால், சில கிராம் எடைகூட இல்லாத அந்தப் பட்டைக்காக நான் வாதாடத் தயார்.