சிலேடையும் சட்டமும்

ஒரு சொல் இருபொருள் தருமாறு பாடுவதைத் தமிழ் அணியிலக்கணம் சிலேடை என்கிறது. அதற்கு நெருங்கிய அணியொன்றை அரபு அணிநூலார் 'தவ்ரியா' என்பர். அதில் கேட்போர் அண்மைப் பொருளைக் கொள்வர். சொல்வோர் சேய்மைப் பொருளை உள்ளத்தில் வைத்திருப்பார். கவிதையில் இஃது அழகு. சமுதாயத்தைப் பிளக்கும் பிரச்சினைகளில் அரசியல்வாதிகள் இவ்வணியைக் கையாண்டால் விளைவது யாது? ஷாபானு வழக்கையொட்டி எழுந்த பேச்சுக்களையும் சட்டத்தையும் இந்நோக்கில் படித்துப் பார்ப்போம்.

தலாக் சொல்லப்பட்ட இந்தூர்ப் பெண்மணி ஷாபானுவுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் உண்டென 1985 ஏப்ரல் 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகை மாதம் 179 ரூபாய் 20 காசு. ஷரீஅத்தில் நீதிமன்றம் தலையிடுவதாகக் கருதி உலமாப் பெருமக்கள் எதிர்த்தனர். ஆகஸ்டில் ராஜீவ் காந்தி அரசின் இராஜாங்க அமைச்சர் ஆரிப் முஹம்மது கான் மக்களவையில் தீர்ப்பை ஆதரித்துப் பேசினார். சில மாதங்களுக்குள், அதே அரசின் மற்றோர் இராஜாங்க அமைச்சர் இஸட். ஆர். அன்சாரி அதே அவையில் அத்தீர்ப்பைக் கடுமையாகச் சாடினார். ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அரசு தம் பக்கமே என்று நம்ப இடமிருந்தது. 1986-இல் ஆரிப் பதவி துறந்தார். மே மாதம் முஸ்லிம் பெண்கள் மணவிலக்கு உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

அதன் 3-ஆம் பிரிவைக் கூர்ந்து நோக்குக. மணவிலக்கான பெண்ணுக்கு நியாயமான ஏற்பாடும் ஜீவனாம்சமும் 'இத்தாக் காலத்திற்குள்' செய்து கொடுக்கப்பட வேண்டும் என்கிறது அது. தவ்ரியா இங்கேதான் இருக்கிறது. இத்தாவோடு கணவனின் கடமை தீர்ந்தது என்பது ஒரு பொருள். அவள் எதிர்கால வாழ்வுக்கு வேண்டியதை இத்தா முடியுமுன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது மற்றொரு பொருள். 'ஏற்பாடு' என்னும் சொல்லோ, அருள்மறையின் அல்பகரா அத்தியாயம் 241-ஆம் வசனத்தின் 'மதாஉ' என்பதை நினைவூட்டுகிறது. வரைந்தோர் உள்ளத்தை நாம் அறியோம். வாசகத்தையே படிக்க இயலும். வாசகம் இரு தரப்பாருக்கும் இடங்கொடுத்தது.

குஜராத், கேரள உயர் நீதிமன்றங்கள் இரண்டாம் பொருளைக் கொண்டன. ஆந்திர உயர் நீதிமன்றம் முதற்பொருளைக் கொண்டது. 2001 செப்டம்பர் 28-இல், டேனியல் லத்தீபி வழக்கில், இரண்டாம் பொருளே சரியென உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது. இடையில் 15 ஆண்டுகள் சென்றன. 125-ஆம் பிரிவின் வழியும் அவளுக்கு உண்டென 2024 ஜூலையில் அந்நீதிமன்றமே உரைத்தது.

அந்த 15 ஆண்டுகளில் ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின்கீழ், ஒரு மாநிலத்துப் பெண்ணுக்குக் கிடைத்தது அடுத்த மாநிலத்துப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. தலைவர்கள் தேடிக்கொண்ட நிம்மதிக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே. அச்சட்டத்தை வெற்றியென வாழ்த்தியோரும் வீழ்ச்சியெனத் தூற்றியோரும் அந்த ஒரு சொல்லின்மேல் போதிய கருத்துச் செலுத்தியதாகத் தெரியவில்லை.

நம் மேடையேறும் தலைவர் எவராயினும், கைதட்டுமுன் ஒன்று கேட்போம்: "ஐயா, இச்சொல்லை மாற்றார் மேடையிலும் இதே பொருளில் சொல்வீர்களா?" சட்டமாயின், வாசகத்தை வீட்டில் உரக்கப் படிப்போம்; பெண்மக்களும் உடனிருந்து கேட்கட்டும்.