வறுமைக் கோடும் வளராப் பிள்ளைகளும்

கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளைப் பற்றி 2018இல் யூனிசெப் வெளியிட்ட ஆய்வேட்டின் சிறப்பு, பெற்றோரின் வருவாயைக் கேட்டதோடு நில்லாமல் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்ததே. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிக் குன்றியிருந்தனர். அரசின் வறுமைக் கோடோ அந்நாளில் குடும்பமொன்றுக்குத் திங்களுக்கு 980 வெள்ளி! சந்தைக்குப் போய்வந்த எவரும் நம்பாத தொகை அது. 2020இல் கோடு 2,208 வெள்ளியாக உயர்ந்தது. 2016ஆம் ஆண்டுக்கு 0.4 எனச் சொல்லப்பட்ட வறுமை விழுக்காடு, புதிய கணக்கில் 7.6 ஆயிற்று. இதனால் புதிதாக எவரும் ஏழையாகிவிடவில்லை; ஏட்டில் ஏறாதிருந்தோர் ஏறினர், அவ்வளவே. கோட்டுக்குக் கீழே பெயர் வந்தால்தானே உதவித் தொகை வரும்?

எனினும் ஆய்வேட்டில் ஒரு குறை உண்டு. அது தலைநகரோடு நின்றுவிட்டது. தோட்டப்புறப் பிள்ளையின் உயரத்தை அந்த அளவுகோல் தொடவேயில்லை.