தூசிக்குள் தனியலை: ஒரு சமன்பாட்டின் வலிமையும் வரம்பும்

காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் பந்தோபாத்யாய், பிரசாத், சென், கா ஆகிய நால்வர் 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஆர்கான் பிளாஸ்மாவில் கயோலின் தூசியை மிதக்கவிட்டு, மின்னழுத்தத்தில் எதிர்மின் துடிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். தூசியில் ஒரு தனியலை, அதாவது வடிவம் குலையாத ஒற்றை அலை, எழுந்து நகர்ந்தது. துடிப்பு வலுக்க வலுக்க அதன் வேகம் கூடியது, அகலம் குறுகியது. ஆனால் அலையின் உயரத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறக்குறைய ஒரே மதிப்புதான் கிடைத்தது.

ஆழமற்ற நீருக்காக 1895இல் எழுதப்பட்ட கொர்டவெக் – டி விரீஸ் சமன்பாடு சொல்வதும் இதையேதான். அலையின் உச்சி முந்தி ஓடிச் செங்குத்தாக மாறப் பார்க்கிறது. வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் பிரிந்து அதைக் கலைக்கப் பார்க்கின்றன. இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும்போது தனியலை பிறக்கிறது. தூசித்துகள்கள் அயனிகளைவிடப் பன்மடங்கு கனமானவை. அதனால் இந்த அலை நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும், லேசர் ஒளியில் படம்பிடித்தே அளக்கலாம். கணக்கும் கண்ணும் இவ்வளவு நெருங்கும் துறைகள் குறைவு. தூசி அலையை இச்சமன்பாட்டால் விளக்கும் முறையின் பெரும் பலம் அதுவே.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எளிய வடிவில் இச்சமன்பாடு சிறிய அலைக்கு மட்டுமே செல்லும். துகளின் மின்னூட்டம் மாறாது, துகள்கள் ஒரே அளவு, வாயுவின் உராய்வு இல்லை என்று அது வைத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் மின்னூட்டம் ஏறி இறங்கும். வாயு அலையை மெல்ல விழுங்கும். இருந்தும் எலெக்ட்ரான் பரவலை மட்டும் மாற்றி, அதே சமன்பாட்டை மீண்டும் வருவித்து, வரைபடங்களோடு நின்றுவிடும் கட்டுரைகள் குவிகின்றன. அவற்றின் முன்னுரையில் தூசிப் பிளாஸ்மாவுக்கு எடுத்துக்காட்டாக வரும் சனிக்கோளின் வளையங்கள் முடிவுரையில் அளவீடாகத் திரும்புவதில்லை.

சமன்பாட்டைப் பொருந்தாத இடத்தில் வைப்பதன் விலையைக் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டுக் கரையில் நின்று யோசிக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் பக்கத்துக் குளச்சலில் கடல் அடுத்தடுத்து ஏறி வந்தது. ஆனால் சுனாமியை ஒற்றைத் தனியலையாக வைத்துக் கணக்கிடுவது நெடுநாள் வழக்கம். அப்படி ஓர் அலை உருவாகப் பெருங்கடலின் தூரமே போதாது என்று மேட்சன், ஃபூர்மன், ஷேஃபர் 2008இல் காட்டினர். சமன்பாட்டில் பிழையில்லை, பொருத்திய இடம்தான் தவறு.

ஆகவே இம்முறையைக் கைவிட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வருவிப்பும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்: எந்த உயரத்துக்கு மேல் இது செல்லாது? உராய்வு அலையை அழிக்குமுன் அலை உருப்பெற நேரம் இருக்கிறதா? ஆய்வகத்தில் எதை அளந்தால் இது பொய்யாகும்? பதில் இல்லாத தீர்வு கணிதப் பயிற்சியாக இருக்கலாம், இயற்பியல் ஆகாது.