கணிப்பொறித் தேர்வில் கைக்கு வேலை எங்கே?

ஒருவருக்கு நீச்சல் தெரியுமா என்று அறிய 25 கேள்விகள் கேட்டு, சரியான விடைக்கு எதிரே குறி போடச் சொன்னால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான் நம் நாட்டுக் கிராமங்களில் கோடிக்கணக்கானோரின் கணிப்பொறித் திறமை அளக்கப்பட்டது.

பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் 2017-இல் தொடங்கி 2024 மார்ச்சில் முடிவுற்றது. வீட்டுக்கு ஒருவராக 6 கோடிப் பேருக்குப் பயிற்சி தருவது குறிக்கோள், 6.39 கோடிப் பேர் பயின்றதாக அரசுக் கணக்கு. இது சிறிய வேலையன்று. பாடத்தையும் குறை கூறுவதற்கில்லை. கருவியை இயக்குதல், மின்னஞ்சல், இணையத்தில் தேடுதல், பணம் செலுத்துதல் என்று அன்றாடத் தேவைகளையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இவ்வளவுக்கும் 20 மணி நேரம்! மௌஸை இருமுறை சொடுக்கும் பழக்கம் விரலில் படியவே சிலருக்கு நாளாகும்.

பெரிய குறை தேர்வில்தான். மின்னஞ்சலோடு ஒரு படத்தை அனுப்ப எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது போன்ற வினாவுக்குச் சரியாகக் குறித்தவர், படத்தை அனுப்பியும் விடுவார் என்று நீங்கள் உறுதி சொல்வீர்களா? படம் எங்கே இருக்கிறது என்று தேடும்போதே திகைத்து நிற்கக்கூடும். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும், 25-க்குச் சராசரியாக 6 சரியாகிவிடும். மாறாக, எல்லாம் செய்யப் பழகிய ஒரு பெண்மணி 'பிரௌசர்' என்ற சொல் விளங்காமல் தோற்கவும் கூடும்.

ஓ.இ.சி.டி. அமைப்பு 2011-12-இல் பல நாடுகளில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில் இப்படிச் செய்யவில்லை. திரையில் மாதிரி மின்னஞ்சல் பெட்டி ஒன்றைத் தந்து, வந்த கடிதங்களை வகை பிரித்து வைக்கச் சொன்னார்கள். மௌஸையே கையாள இயலாதவருக்குத் தாளில் வினாக்கள் தந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டில் அரசுத் தட்டச்சர் பணிக்குக் கேட்கப்படும் கணிப்பொறி அலுவலகத் தானியக்கச் சான்றிதழுக்கே செய்முறைத் தேர்வு உண்டு.

கோடிப் பேருக்குச் செய்முறைத் தேர்வு நடத்தினால் செலவு தாங்காது என்பார்கள். இந்தத் தேர்வே கணிப்பொறி முன் அமர்ந்து எழுதியதுதானே! செய்த வேலை சரியா என்று பார்த்துச் சொல்ல அந்தப் பொறியே போதும்.

வயது வரம்பும் இடிக்கிறது: 14 முதல் 60. வீட்டுக்கு ஒருவர்தான் என்றால், பள்ளிக்குப் போகும் பையன் உள்ள வீட்டில் யார் பெயர் கொடுத்திருப்பார் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஓய்வூதியர் தம் வாழ்நாள் சான்றிதழை மின்வழியில் தரும் ஏற்பாடு 2014-இலேயே வந்துவிட்டது. 61 வயதுக்காரருக்கோ இந்தப் பயிற்சியில் இடமே இருக்கவில்லை.