துலாக்கோலும் நெஞ்சமும்

வாணிகம் பொருளைப் பெருக்குவது. அறம் உள்ளத்தைப் பெருக்குவது. இவ்விரண்டும் ஓரிடத்தில் இணங்கி வாழுமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. வணிகக் கல்வி பயிலும் நம் மாணவர், வணிகர்க்குரிய ஒழுக்கம் பற்றிய பகுதியைத் தேர்வுக்குரிய குறிப்பாகவே பெரும்பாலும் மனனஞ் செய்கின்றனர். அதனைக் கற்றவன், கல்லாமுன் இருந்த நிலையினும் உயர்ந்தவனாகின்றானா என்று கேட்பார் அரியர். பழந்தமிழ் நூல்கள் மூன்றினைத் துணைக்கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பட்டினப்பாலையை நோக்குவோம். கரிகாற் பெருவளத்தானைச் சிறப்பித்துக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அப்பாட்டில், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பழிக்கு அஞ்சுபவராகவும் மெய்யே பேசுபவராகவும் காட்டப்படுகின்றனர். அவர் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒரு தன்மையவாகக் கருதுவர். வாங்குங்கால் மிகுதியாகக் கவரார். விற்குங்கால் அளவைக் குறையார். தாம் பெறும் ஊதியத்தையும் மறையாது கூறுவர். அவர்தம் நெஞ்சுக்குப் புலவர் கண்ட உவமை நுகத்தடியின் நடுவே நிற்கும் ஆணியாகும். ஆணி ஒரு பக்கம் விலகின், இரு காளைகளுள் ஒன்றின் கழுத்தே சுமையை மிகுதியாகத் தாங்கும். நடுவு தவறிய வாணிகத்தில் நோவு யாருடையது என்பதை இவ்வோர் உவமையே உணர்த்திவிடுகின்றது. எனினும், இஃது ஓர் அரசனுடைய நகரின் பெருமையைப் பாடும் பாட்டு என்பதை நாம் மறத்தலாகாது. வணிகர் அத்தகையர் என்று அது கூறுகின்றதேயன்றி, அத்தகையர் ஆவது எங்ஙனம் என்று கூறவில்லை.

அதே நகரைச் சிலப்பதிகாரம் வேறொரு வகையிற் காட்டுகின்றது. இந்திரவிழவூரெடுத்த காதையிலே, உடையவர் பெயரும் அளவும் பொறித்த பொதிகள் தாழும் காவலும் இன்றி வெள்ளிடை மன்றத்திற் கிடக்கின்றன. திருட முற்படுவான் எவனாயினும், அப்பொதியையே தலைச்சுமையாக ஏற்றிச் சுழலச் செய்யும் தெய்வ ஆற்றல் அம்மன்றத்துக்கு உண்டு. ஆதலால் களவினை நினைத்தற்கே மாந்தர் நடுங்குவர். இங்குப் பொருள் காக்கப்படுகின்றது. ஆயின் மனிதன் வளர்ந்தானில்லை. அச்சம் கையைக் கட்டுமேயன்றி நெஞ்சைத் திருத்தாது. நிறுவைக் கருவிகளைச் சோதிக்கும் நம் நாட்டு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது வேண்டற்பாலது என்பதில் ஐயமில்லை. எனினும், தராசின் முள்ளைச் சட்டம் சோதிக்கலாம். தராசைப் பிடித்தவனின் உள்ளத்தைச் சோதித்தற்கு அதனிடம் கருவி இல்லை.

இனித் திருக்குறளுக்கு வருவோம். பொருளீட்டல் பற்றிப் ‘பொருள் செயல்வகை’ என்னும் தனி அதிகாரமே பொருட்பாலில் வகுத்தவர் வள்ளுவர். அவ்வாறிருந்தும், வாணிகஞ் செய்வார்க்கு வாணிகம் யாது என்று கூறும் குறளை அவர் அங்கு வைத்தாரில்லை. அறத்துப்பாலில், இல்லறவியலில், ‘நடுவு நிலைமை’ என்னும் பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். இவ்வைப்புமுறையே ஒரு கருத்தாகும். பிறர் பொருளையும் தம் பொருள் போற் பேணுதல் என்பது ஊதியம் பெருக்கும் உபாயமன்று. மனிதன் மனிதனாதற்குரிய பயிற்சி என்பதே அதன் குறிப்பு.

பரிமேலழகர் உரை இக்கருத்தை மேலும் கூர்மையாக்குகின்றது. அவ்வதிகாரத்தின் இறுதி மூன்று குறள்களுள் முன்னைய இரண்டும் அவையத்தாரை நோக்கியன என்றும், கடைசியது வணிகரை நோக்கியது என்றும் அவர் பிரித்துரைப்பர். நீதி வழங்குவாரும் வணிகரும் ஏன் அருகருகே நிறுத்தப்பட்டனர்? இருவரும் நிறுப்பவர் என்பதனாலன்றோ? ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அவையத்தான் பிறர் இருவரின் வழக்கைத் தீர்க்கின்றான். வணிகனோ தன் வழக்கைத் தானே தீர்க்கின்றான். வழக்காளியும் அவனே, நடுவனும் அவனே. எனவே அவனது நடுவு நிலைமையே அரிதினும் அரிது. துலாக்கோல் முதலில் தான் சமனாக நின்று, அதன் பின்னரே பிறவற்றை நிறுக்கும் என்னும் உவமை ஈண்டு முழுப் பொருள் பெறுகின்றது.

இவ்வுவமையை யான் ஏட்டிற் கற்குமுன் மலையிற் கண்டேன். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட நாள் முதல், இக்கண்டி மலைகளில் உழைப்பை விற்பவர் ஒருவர்; தராசும் கணக்கேடும் வேறொருவர் கையில். கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி தோட்டம் மாறவியலாது தடுத்த ‘துண்டு’ முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. தராசின் முன் நிற்கும் நிலை ஒழியவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என் தாயின் பின்னே நின்ற சிறுவனாகிய யான், முள் பதினான்கில் நிற்கக் கண்டேன்; ஏட்டில் பன்னிரண்டு எழுதக் கண்டேன். சாக்கின் பாரமும் மழைநீரும் கழிக்கப்பட்டன என்றனர். சாக்குக்குப் பாரம் உண்டு என்பது மெய்யே. அஃது எவ்வளவு என்று நிறுத்துக் காட்டியவர் இலர். பின்னர் அக்குறளைப் படித்தபோது, அது கணக்கப்பிள்ளையைக் கண்டிக்க எழுதப்பட்டது என்றே பல்லாண்டு எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணம் தகர்ந்த நாளையும் கூறுதல் கடனாகும். ஆசிரியப் பணியேற்று, வெளிவாரியாகப் பட்டமும் பெற்றபின், மாலை நேரத்தில் கட்டணம் பெற்றுக் கற்பிக்கத் தொடங்கினேன். ஒரு நாள் பள்ளி வகுப்பில் நடுவு நிலைமையை விளக்கி முடித்த வேளையில், லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், மாலை வகுப்பிலே சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்லுங்கள். எனக்கு அங்கே வர வசதியில்லை” என்றாள். அவள் குரலிற் குற்றச்சாட்டு இல்லை, வேண்டுகோளே இருந்தது. அரசிடம் முழு ஊதியம் பெற்ற பாடத்தைக் காலையிற் குறைத்து நிறுத்து, மாலையில் நிறைத்து விற்றிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. சாக்கின் பாரத்தைக் கழித்தவர் ஒரு காரணமேனும் கூறினர். என்னிடம் அதுவும் இல்லை. அன்றே அவ்விளக்கத்தை முழுமையாக உரைத்தேன். அதன் பின், காலையில் கூறாத எதனையும் மாலையில் கூறுவதில்லை என்னும் நியதியை மேற்கொண்டேன். மாலை வகுப்பில் மாணவர் தொகை குறைந்தது, அது நியாயமே.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும். அறவழி வாணிகத்தைக் கற்பவன், தன்னை நிறுக்கப்படுபவனாக மட்டும் கருதும் வரை அக்கல்வி அவனுக்குப் பிறரைக் குறைகூறும் கருவியாகவே நிற்கும். தன் கையிலும் ஒரு தராசு உண்டு என்று காணும் நாளிலேதான் அவன் வளரத் தொடங்குகின்றான். கடை வைத்தவர் மட்டும் வணிகரல்லர். பாடஞ் சொல்பவரும், கோப்பில் ஒப்பமிடுபவரும், மருந்து தருபவரும் நாள்தோறும் நிறுத்துக் கொடுப்பவரே. பட்டினப்பாலை அத்தகைய நெஞ்சத்தைப் புகழ்ந்தது. சிலம்பு அச்சத்தாற் காத்தது. குறளோ அதனை நம் வீட்டு வாயிலில் கொணர்ந்து வைத்தது. கணக்கியலும் வணிகமும் கற்று வெளியேறும் நம் மாணவர், பிறர் தராசைச் சோதிக்கும் அறிவோடு தம் தராசைச் சோதிக்கும் துணிவையும் கொண்டு செல்வாராக.